ஏழாவது கேள்விக்குப் பதில்

ரஞ்சன்குடி
1946, ஐப்பசி 12

அரியலூர்ச் சீமையை அரசாளும் மருமகள் ரத்தினம்மாளுக்கு, ரஞ்சன்குடிக் கோட்டையின் கடைசி நவாபும் உன் தாயாருக்கு ஒரே தம்பியுமான சிங்காரவேலு, கோடி ஆசிகளில் ஒன்றுகூடக் குறையாமல் எண்ணிப் போட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நான், என் இரண்டு காளைகள், கோட்டை மேல் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் அறுநூறு குரங்குகள், எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை வெள்ளைச்சாமியும், அவருடைய ரயில்வே குட்ஸ் ஷெட்டில் அடுக்கியிருக்கும் மூட்டைகளும் நலந்தானே?

விஷயம் என்னவென்றால், என் வலது கண்ணில் யாரோ பாலை ஊற்றி உறை குத்திவிட்டார்கள். கத்தியால் வெட்டினால் துண்டாக வரும் பதத்தில் தயிர் உறைந்துவிட்டது. இடது கண்ணில் இன்னும் மோர்தான். அதன் வழியாகத்தான் இந்தக் கடிதம். எழுத்தெல்லாம் எருமை அளவுக்கு இருப்பதற்குக் காரணம் அதுவே. நேற்று எதிரில் வந்த மணியக்காரரைக் கும்பிட்டு அரை மணி நேரம் ஊர் விவகாரம் பேசினேன். கடைசியில் பார்த்தால் அது பனைமரம். மணியக்காரரைவிட மரியாதையாகக் கேட்டுக்கொண்டது.

உன் அத்தை போன பிறகு எனக்குச் சோறு வடித்துக்கொள்வது நானேதான். மோரும் உறைந்துவிட்டால் உலையில் அரிசியைப் போடுகிறேனா அடுப்பில் போடுகிறேனா என்று யார் சொல்வது? உங்கள் ஊர்ச் சத்திரத்துக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கண் டாக்டர் ஒருவர் வந்து அறுத்துவிட்டுப் போகிறாராமே. விசாரித்து எழுது.

சிங்காரவேலு


அரியலூர்
ஐப்பசி 24

மாமாவுக்கு ரத்தினம் வணங்கி எழுதுவது. நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். உங்க கடிதாசியைப் படிச்சுட்டு அவர் வயிறு குலுங்கச் சிரிச்சார். எனக்குத்தான் சிரிப்பு வரலை. அடுப்புக்கிட்ட தனியா நிக்காதீங்க.

சத்திரத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். நல்ல மனுஷர், ஆனா கறார். எடுத்த எடுப்புல யாரையும் படுக்க வைக்க மாட்டாராம். முன்கூட்டியே ஏழு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கிறார். வயசு என்ன, நீர்ல சர்க்கரை இறங்குதா, இருமல் இளைப்பு உண்டா, பொடி போடுற பழக்கம் உண்டா, மல்லாக்கப் படுத்து முக்கால் மணி அசையாம இருக்க முடியுமா, காலையில வெளிக்குப் போக முக்குவாரா, கடைசியா, ரத்தபந்தத்துல யாருக்காவது கண்ணுல வைத்தியத்துக்குக் கை வெச்சு ரத்தம் கொட்டிக் கெட்டுப்போயிருக்கா. இவ்வளவுதான்.

எதுக்கு சார் இதெல்லாம்னு கேட்டேன். "கண்ணைத் திறந்து வெச்சிருக்கிறப்ப ஒரே ஒரு இருமல் வந்தாப் போதும்மா, உள்ளே இருக்கிறது வெளியே வந்துடும். சில பேருக்குக் கண்ணுக்குள்ளேயே ரத்தக் குழாய் உடைஞ்சுக்கும். அப்புறம் நான் என்ன, யாராலயும் நிறுத்த முடியாது. முன்னாடியே தெரிஞ்சா பாதி ஆபத்தை வாசல்லயே நிறுத்திடலாம்"னார்.

ஏழுக்கும் உண்மையா எழுதி அனுப்புங்க மாமா. வேளைக்குச் சாப்பிடுங்க.

ரத்தினம்


ரஞ்சன்குடி
கார்த்திகை 5

மருமகளுக்கு, மாமன் இரு கை நிறைய ஆசிகளை வாரி இறைத்து எழுதுவது. சிந்தியது போக மிச்சத்தை மாப்பிள்ளைக்குக் கொடு.

டாக்டர் துரைக்கு என் பதில்கள்: வயது, கோட்டை கட்டியபோது கல் எடுத்துக் கொடுத்தவன் நான், நம்பாவிட்டால் ஐம்பத்தெட்டு என்று போட்டுக்கொள்ளட்டும். சர்க்கரை, நான் ஒதுங்கும் இடத்தை எறும்பு எட்டிப் பார்ப்பதில்லை. கண்ட்ரோல் வந்து சர்க்கரை ரேஷனான நாளிலிருந்து எங்கள் ஊர் எறும்புகள் பூலாம்பாடிக்குக் குடிபோய்விட்டன. இருமலா? எங்கள் வம்சம் அதைக் கதையில்தான் கேட்டிருக்கிறது. இந்த வீட்டில் கடைசியாக ஒருவர் இருமியது கும்பினிக்காரன் கோட்டைக்குப் பீரங்கி வைத்த அன்றைக்கு, அதுவும் புகையால்.

பொடி போட்ட காலம் உண்டு. நான் தும்மினால் பெரம்பலூர்த் தாலுக்கா கச்சேரியில் காகிதம் பறக்கும். விட்டுவிட்டேன், போன செவ்வாய்க்கிழமை. மல்லாந்து படுத்தால் என் மேல் புல் முளைத்து ஆடு மேயும் வரைக்கும் அசைய மாட்டேன். ஆறாவது கேள்வியைத் தாய்மாமனிடம் கேட்க உனக்கே வெட்கமாக இல்லையா? விளக்கெண்ணெய் இருக்கப் பயமேன்.

ஒரு வேடிக்கை கேள். ஐந்தாறு நாளாக, பகல் பதினோரு மணிக்கு, என் சோற்றுத் தட்டின் விளிம்பில் சிப்பாய்கள் அணிவகுத்துப் போகிறார்கள். விரல் உயரம்தான். சிவப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான். பனைமரத்தை மணியக்காரராகப் பார்க்கிற கண்ணுக்குப் பொத்தானில் இருக்கும் கீறல்கூடத் தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. கையை நீட்டினால் இல்லாமல் போகிறார்கள். ராஜபரம்பரைக்கு இதெல்லாம் சகஜம்.

சிங்காரவேலு


அரியலூர்
கார்த்திகை 17

மாமாவுக்கு ரத்தினம் வணங்கி எழுதுவது. இங்கே மழை விடலை, மத்தபடி சுகம். உங்க உடம்பு எப்படி இருக்குன்னு இந்தத் தடவை நெசமா எழுதுங்க.

சிப்பாய் கதையை டாக்டர்கிட்ட சொன்னேன். பயந்துக்கிட்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கலை. கண்ணுக்கு வேலை இல்லாமப் போனா அதுவே எதையாவது வரைஞ்சு பார்த்துக்குமாம். புத்தி பேதலிச்சவங்கன்னு நினைச்சுடுவாங்களோன்னு பல பேர் வெளியே சொல்றதில்லையாம். "வர்றவங்க பேச மாட்டாங்க, சத்தமே இருக்காது. சத்தம் கேட்டா மட்டும் எங்கிட்ட சொல்லுங்க"ன்னார்.

ஏழு கேள்விக்கு ஆறு பதில்தான் வந்திருக்கு. கடைசியை விட்டுட்டீங்க. அம்மாவுக்கும் பார்வை மங்கல்னு சின்ன வயசுல கேட்ட ஞாபகம். ஆனா அவங்க விஷக் காய்ச்சல்லதானே போனாங்க? அப்ப அவங்க உங்க வூட்டுல, நான் பூலாம்பாடியில அப்பா வூட்டுல இருந்தேன். நீங்க வந்து சொல்லித்தான் தெரியும். அதனால "யாருக்கும் இல்லை"ன்னு நானே எழுதிடட்டுமான்னு கேட்டேன். டாக்டர் ஒத்துக்கலை. உங்க வாயால வரணும்னுட்டார்.

ஒரு வரி போதும் மாமா. உண்டு, இல்லை.

ரத்தினம்


ரஞ்சன்குடி
கார்த்திகை 28

மருமகளுக்கு மாமன் ஆசி. எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று மயங்காதே. மோரும் கெட்டியாகிவிட்டது. தபால்காரர் அய்யம்பெருமாள் பையை இறக்கி வைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். சர்க்கார் சம்பளத்தில் எனக்கு ஒரு ராயசக்காரர். உங்கள் ஊர் ஜமீன்தாருக்குக்கூட இந்த வசதி கிடையாது.

சிப்பாய்கள் பட்டாளத்தைக் கலைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது ஒரே ஒரு விருந்தாளி. ஒரு அம்மாள். பகல் பதினோரு மணிக்கு வந்து என் கட்டிலின் கால்மாட்டில், எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள். அரக்குச் சேலை, முந்தானையை இழுத்து வாயைப் பொத்தியிருக்கிறாள். நான் ஏதாவது சொன்னால் தோள் இரண்டும் குலுங்குகின்றன. என் நகைச்சுவையைக் கேட்டு இவ்வளவு அடக்கமாகச் சிரித்த ஆளை நான் இதுவரை கண்டதில்லை. அரை மணி குலுங்கிவிட்டு இல்லாமல் போகிறாள்.

ஏழாவது கேள்வி விஷயம். அதற்கு விரிவாக எழுத வேண்டும். தபால்காரருக்கு நேரமாகிறதாம்.

சிங்காரவேலு
(கைநாட்டு வைக்கவில்லை, இது என் கையெழுத்தேதான், கோணலாக இருந்தாலும்)


பெரம்பலூர்
மார்கழி 8

அரியலூர் ரத்தினம்மாள் அவர்களுக்கு, ரஞ்சன்குடி லைன் தபால்காரர் அய்யம்பெருமாள் வணக்கம். முன்பின் தெரியாதவன் எழுதுவதை மன்னிக்கணுங்க. அடுத்தவர் கடிதத்தில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் சத்தியம். ஆனால் நான் சொல்லப்போவது அந்தக் கடிதத்தில் இல்லாதது, அதனால் தப்பில்லை என்று நினைக்கிறேனுங்க.

உங்க மாமாவுக்கு இருமல் இருக்குதுங்க. சாதாரண இருமல் இல்லை. வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகம் நீலமாகிவிடுகிறது. ரெண்டு வருஷமாக இருக்கிறதாம். வாயில் எந்நேரமும் சித்தரத்தைத் துண்டு. பொடியும் விடவில்லை. எழுத வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை, ஆனால் அந்தக் கடிதத்தில் எழுதவும் இல்லை.

இன்னொன்று. அந்த அம்மாள் சிரிக்கிறாள் என்று எழுதச் சொன்னாரில்லையா? எழுதி முடித்து நான் பையை மாட்டும்போது, "அய்யம்பெருமாள், அவ சிரிக்கலய்யா, இருமுறா. சத்தம்தான் கேக்கல" என்றார். அதையும் சேர்த்துவிடட்டுமா என்றேன். "வேண்டாம், அது அவளுக்கும் எனக்கும்" என்றார்.

நான் முந்தாநாள் போனபோது கால்மாட்டைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "சொல்லிடட்டுமா, சொன்னா ரத்தினம் வர மாட்டாளே" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லைங்க.

அய்யம்பெருமாள்


அரியலூர்
மார்கழி 14

மாமாவுக்கு ரத்தினம் வணக்கம்.

இருமலோட வந்து படுத்தா கண்ணு போயிடும் மாமா. டாக்டர்கிட்ட பொய் சொல்றது, கத்தியை நீங்களே புடிச்சுத் திருப்புற மாதிரி. யார் சொன்னாங்கன்னு கேட்காதீங்க.

அந்தப் பொம்பளை யாரு?

அம்மாவோட அரக்குச் சேலை ஒண்ணு என் பெட்டியில இருக்கு. நீங்கதான் குடுத்தீங்க. அதை இன்னிக்கு எடுத்துப் பார்த்தேன். முந்தானையில ஒரு கை அகலத்துக்குக் கறை. வெத்திலைக் கறைன்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன்.

ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதுங்க. தபால்காரரை வெச்சு வேணாம். நீங்களே எழுதுங்க.

ரத்தினம்


ரஞ்சன்குடி
மார்கழி 23

ரத்தினத்துக்கு.

வரி மேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். பலகையில் கயிறு கட்டி, விரலால் தடவித் தடவி எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன்.

ஏழாவது கேள்விக்குப் பதில்: உண்டு. உன் அம்மா.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் வாலிகண்டபுரம் சந்தைக்கு வடக்கேயிருந்து ஒரு ஊசிக்காரன் வந்தான். பித்தளைச் சிமிழில் ஊசி வைத்திருந்தான். கண்ணில் ஊசியை விட்டு, மூடியிருப்பதை உள்ளே தள்ளிவிடுவான். அந்த நிமிஷமே பார்வை வரும். அவனை நம் வீட்டுக்கு அழைத்து வந்தவன் நான். அழைத்து வந்தது மட்டுமா, ஊரையே கூட்டினேன். "உச்சிப் பொழுதுக்குள் எங்க அக்கா உண்ணாமலை ஊசியில் நூல் கோத்துக் காட்டும், வந்து பாருங்கள்" என்று வீடு வீடாகச் சொன்னேன். நாற்பது பேர் வாசலில் நின்றார்கள்.

அவனும் கேட்டான், ரத்தினம். உன் டாக்டர் கேட்டதைத்தான் கேட்டான். "அம்மாவுக்கு இருமல் உண்டா? இருந்தால் தொட மாட்டேன்." கேட்டது அக்காவை. அந்நிய ஆண்பிள்ளைக்கு எதிரில் நம் வீட்டுப் பெண்கள் வாய் திறக்கிற வழக்கம் இல்லை. ஆடி மாதத்திலிருந்து அவளுக்கு இருமல். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் பதில் சொல்வேன் என்று.

சொன்னேன். இந்த வீட்டில் கடைசியாக ஒருவர் இருமியது கும்பினிக்காரன் பீரங்கி வைத்த அன்றைக்கு என்று சொன்னேன். நாற்பது பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தான். உனக்கு எழுதினேனே, அதே வாக்கியம். கை தானாக எழுதிவிட்டது. எழுதிய மறுநாள்தான் அவள் வந்து உட்கார்ந்தாள்.

ஊசி உள்ளே போனது. "எத்தனை விரல்" என்றான். "மூணு" என்றாள். சரியாகச் சொன்னாள். ஊசி இன்னும் உள்ளே இருந்தது. அப்போது இருமினாள். அடக்கப் பார்த்தாள், மறுபடி இருமினாள். மூன்றாவது இருமலில் கண்ணிலிருந்து ரத்தம் வந்தது. முந்தானையை எடுத்து நான்தான் அழுத்தினேன். அவன் சிமிழை மூடிக்கொண்டு போய்விட்டான். எட்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கடைசிவரைக்கும் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு பூலாம்பாடிக்கு வந்து உன்னிடம் விஷக் காய்ச்சல் என்றேன்.

மூன்றாவது கேள்விக்கும் பதிலைத் திருத்திக்கொள்ளச் சொல். இருமல் உண்டு. பொடியும் உண்டு.

சிங்காரவேலு


ரஞ்சன்குடி
தை 19

மருமகளுக்கு. தபால்காரர் கையால் எழுதுவது.

இருபத்தாறு நாளாக உன் கடிதம் இல்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. மாப்பிள்ளைக்குப் பொங்கல் வரிசையை எங்கள் ஊர் வண்டிக்காரன் கொளஞ்சியிடம் அனுப்பினேன், சேர்ந்ததா என்று மட்டும் அவரையாவது எழுதச் சொல்.

இடது கண்ணும் முடிந்தது. இப்போது வெளிச்சம் எது, சுவர் எது என்பதே தெரிவதில்லை. அவள் மட்டும் தெரிகிறாள். நீ அறுக்க வேண்டாம் என்றால் அறுக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறேன்.

சிங்காரவேலு


அரியலூர்
தை 27

மாமாவுக்கு.

வரிசை வந்து சேர்ந்தது.

உங்க கடிதாசியை டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசா இல்லை, அவருக்கு வேண்டியதை. ஏழாவதுக்கு உண்டு, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் உண்டு. அவர் அதையெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டு, "இப்பத்தான் இவரைத் தொட எனக்குத் தைரியம் வருது"ன்னார்.

அவர் சொன்னபடி: மாசி பிறந்ததும் இங்கே வந்துடணும். நாப்பது நாள் இருமலுக்கு மருந்து. பொடி டப்பா அய்யம்பெருமாள் அண்ணன்கிட்ட போயிடணும். ரத்தக் கொதிப்பு இருந்தா அதுவும் இறங்கணும். அப்புறம்தான் தேதி. தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் பை வெச்சு, கன்னத்தை ஒருத்தர் அசையாம புடிச்சுக்கணும். நான் புடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன்.

வண்டியில வைக்கோல் போட்டுப் படுத்துக்கிட்டு வாங்க.

ரத்தினம்


ரஞ்சன்குடி
1947, சித்திரை 25

அரியலூர்ச் சீமைக்கு அதிபதியான மருமகள் ரத்தினம்மாளுக்கு, மாமன் ஆசிகள். இரண்டு மாதம் உன் சோற்றைத் தின்று, இங்கே வந்து என் சமையலைத் தின்கிற துயரம் தவிர வேறு நோய் இல்லை. உங்கள் நலம் அறிய ஆவல்.

டாக்டர் கொடுத்த கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருக்கிறது. போட்டால் எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரிகிறது. காளைகள் யானைக்கன்று ஆகிவிட்டன. கத்தரிக்காய் பூசணி அளவு. இனிமேல் எதையும் நான் பெரிதாக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, கண்ணாடியே பார்த்துக்கொள்கிறது. பனைமரம் பனைமரமாகத்தான் இருக்கிறது. மணியக்காரர்தான் ஏமாற்றமளிக்கிறார்.

பதினோரு மணிக்குக் கால்மாட்டைப் பார்க்கிறேன். யாரும் வருவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும், ரத்தினம். அங்கே இருந்தபோது கேட்க முடியவில்லை. அன்றைக்குக் கத்தி உள்ளே இருந்தபோது எனக்குத் தொண்டையில் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அப்போது ஒரு இருமல் கேட்டது. உடனே இன்னொன்று. டாக்டரின் கை நின்றது. "யார் அது" என்றார். நீ "நான்தான் சார்" என்றாய்.

உன் இரண்டு உள்ளங்கையும் என் கன்னத்தில் இருந்தன. இருமுகிற ஆளின் கை ஆடும். உன் கை ஆடவில்லை. ஒரு மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தியமாகச் சொல், இருமியது நீதானா?

சிங்காரவேலு


அரியலூர்
வைகாசி 4

மாமாவுக்கு ரத்தினம் வணங்கி எழுதுவது. நாங்க சௌக்கியம். கண்ணாடியைக் கழட்டிட்டு அடுப்புக்கிட்ட போகாதீங்க. சொட்டு மருந்தை நிறுத்திடாதீங்க. இடது கண்ணை ஐப்பசியில பார்க்கலாம்னு டாக்டர் சொல்றார். அதுக்கும் நான் வந்து புடிச்சுக்கிறேன்.

நான் இருமலை மாமா.

சத்தம் உங்க கால் பக்கத்திலேருந்து வந்துச்சு. அங்கே யாரும் இல்லை. நர்ஸம்மா என் தோளை ஒட்டி நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்களும் கால் பக்கம்தான் திரும்பிப் பார்த்தாங்க. வாயைப் பொத்திக்கிட்டு இருமுற சத்தம். டாக்டர் கத்தியை எடுக்கவும் முடியாம, மேல நகர்த்தவும் முடியாம கையை அப்படியே வெச்சுக்கிட்டு, "யார் அது, பதில் சொல்லுங்க"ன்னார். யாராவது சொன்னாத்தான் அவர் கை நகரும். சொல்ல வேண்டியவங்க அந்நிய ஆம்பளை முன்னாடி சொல்ல மாட்டாங்க.

அதனால நான் சொன்னேன்.

"இன்னொரு தடவை வந்தா வெளியே போயிடணும்"னார். சரிங்க சார்னேன். அவர் மறுபடி குனிஞ்சார். நான் உங்க கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு, கால் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னேன். மூணாவதுக்காகக் காத்துக்கிட்டே இருந்தேன்.

வரலை.

ரத்தினம்